காற்று மேலேதான் ஏறும்

“சிஸ்டர், டியூப்ல காத்து போகுது, ஓடி வாங்க!” காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று நம் பக்கத்து எந்த ஆஸ்பத்திரி வார்டில் அரைநாள் இருந்தாலும் இந்தக் குரல் காதில் விழும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸை விட்டுக் கண்ணெடுக்காமல் காவலிருக்கும் ஒருவரின் குரல். குழாயில் மிளகளவுக்கு ஒரு குமிழி தெரிந்திருக்கும். சிஸ்டர் வருவார், குழாயை விரலால் சுண்டுவார், “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார். பயந்தவருக்குப் பயம் போகாது. சொன்னவருக்கு மேற்கொண்டு விளக்க நேரம் இருக்காது. இந்த இரண்டு பேச்சுமே நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கின்றன. ரத்தக் குழாய்க்குள் காற்று போனால் மூளை கெடலாம், உயிரே போகலாம் என்பது உண்மை. அந்த மிளகுக் குமிழி அதைச் செய்யாது என்பதும் உண்மை. ஆனால் எல்லார் கண்ணும் அந்தக் குமிழி மேலேயே இருக்க, பெரிய ஆபத்து கழுத்துப் பக்கமாக, யாரும் காவலிருக்காத ஒரு நிமிடத்தில் நுழைகிறது.

முதலில் அந்தக் குமிழியின் கணக்கைப் பார்த்துவிடலாம். சாதாரண டிரிப் செட்டுக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அதில் 1 சென்டிமீட்டர் நீளத்துக்குக் காற்று நின்றால் அதன் அளவு 0.07 மில்லி. பெரியவர் ஒருவரின் கைநரம்பு (ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் சிரை) வழியாக வேகமாகப் போனால் உயிரைப் பறிக்கும் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடும் அளவு 200 முதல் 300 மில்லி. அதாவது 200 மில்லிக்குக் குறைந்தது 28 மீட்டர் நீளக் குழாய் முழுக்கக் காற்றாக இருக்க வேண்டும். முகப்பில் தொடங்கி, பட்டாசாலை, வளவு எல்லாம் தாண்டி இரண்டாம் கட்டு வரை குழாயை இழுத்தாலும் நம் ஊர்ப் பெரிய வீடுகளில்தான் அது கொள்ளும். செட்டில் இருக்கும் ஒன்றரை மீட்டர்க் குழாய் மொத்தமும் காற்றாகவே இருந்தாலும் 10 மில்லியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதற்காக அதை உள்ளே விடலாம் என்று பொருளல்ல. குழாயில் மருந்தை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் கையில் இணைக்க வேண்டும். அந்த ஒழுங்கில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பாட்டில் காலியாகிவிட்டால் மிச்சக் காற்றெல்லாம் உடம்புக்குள் இறங்கிவிடும் என்று நினைப்பதும் பெரும்பாலும் தவறு. குழாயில் இருக்கும் திரவம் ஓர் உயரம் வரை இறங்கி, நரம்பின் அழுத்தத்தோடு சமமாகி நின்றுவிடும். வெறும் புவியீர்ப்பில் ஓடும் டிரிப் காற்றைத் தள்ளாது.

தள்ளுவது நாம்தான். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது, சீக்கிரம் ஏற்ற வேண்டும் என்ற அவசரத்தில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கையால் பிழிவதும், பிரஷர் பேக் என்னும் காற்றடைத்து இறுக்கும் பையில் போட்டு இறுக்குவதும் உண்டு. பாட்டிலுக்குள் மேலே எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும். காற்றோட்டத்துக்காக ஊசி குத்திய பாட்டிலில் இன்னும் அதிகமாகவே இருக்கும். திரவம் தீர்ந்ததும் அந்த அழுத்தம் காற்றைப் பிடித்து நேராக நரம்புக்குள் அனுப்பும். பிழிவதற்கு முன் பாட்டிலில் இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். பிழியும் நேரம் முழுக்க ஒருவர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ஆக, ஸ்டூலில் உட்கார்ந்து காவலிருப்பவர் பதற வேண்டிய நேரம் ஒன்று உண்டு. அது இதுதான்.

சின்னக் குமிழிகளை ஏன் பொறுத்துக்கொள்ள முடிகிறது என்றால், நரம்பில் போகும் காற்று இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் நுண்குழாய்கள் வடிகட்டி மாதிரி பிடித்துவைத்து, மெல்ல மெல்ல மூச்சோடு வெளியே அனுப்பிவிடும். இந்த வடிகட்டியைத் தாண்டி இடப்பக்கம், அதாவது தமனிப் பக்கம் போய்விட்டால் கணக்கே மாறிவிடுகிறது. மூளைத் தமனிக்குள் 2, 3 மில்லி போனாலே உயிருக்கு ஆபத்து. நான்கு பேரில் ஒருவருக்கு, கருவில் இருக்கும்போது இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே திறந்திருந்த வழி பெரியவரான பிறகும் முழுதாக மூடியிருக்காது. வலப்பக்க அழுத்தம் கூடும் ஒரு நொடியில், ஓர் இருமலில்கூட, காற்று அந்த வழியாகக் குறுக்கே பாயலாம். ஓட்டையே இல்லாதவருக்கும், ஒரே நேரத்தில் நிறையக் காற்று வந்தால் நுரையீரல் வடிகட்டி வழிந்துவிடும்.

டியூப் மட்டம்

ஆத்தங்குடிக் கல் பதிக்கும் கொத்தனாரைக் கேட்டால் காற்றின் குணத்தை அழகாகச் சொல்வார். ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் மட்டம் பார்க்க, கண்ணாடி மாதிரித் தெரியும் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடிப்பார்கள். நடுவில் ஒரு குமிழி நின்றால் மட்டம் பொய் சொல்லும். அதனால் குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை மேலே ஏற்றி வெளியேற்றிய பிறகுதான் கோடு போடுவார்கள். ரசமட்டத்திலும் அப்படித்தான், குமிழி எந்தப் பக்கம் உயரமோ அந்தப் பக்கம் ஓடும். உடம்புக்குள்ளும் காற்றுக்கு இதே குணம்தான். படுத்திருப்பவரின் உடம்பில் மேடு என்பது நெஞ்சின் முன்பக்கம். உட்கார்ந்திருப்பவரின் உடம்பில் மேடு தலை.

உட்கார்ந்தவரின் கழுத்து நரம்பில் ரத்தம் மேலிருந்து கீழே, மெதுவாகத்தான் இறங்கும். அதற்குள் நுழைந்த காற்று, ரத்த ஓட்டத்தை எதிர்த்துக்கொண்டே நேராக மூளையின் சிரைகளுக்கு ஏறிவிட முடியும். இதயத்தில் ஓட்டை இருக்க வேண்டியதில்லை, நுரையீரல் வடிகட்டி வழிய வேண்டியதும் இல்லை. மூளைக்குக் காற்று போகத் தமனி வழி ஒன்று, சிரை வழி இன்னொன்று என்று இரண்டு பாதை உண்டு என்பதும், இரண்டாவது பாதையைத் திறந்துவிடுவது நோயாளி உட்கார்ந்திருக்கும் நிலைதான் என்பதும் வார்டுகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

இதயத்துக்குள் நிறையக் காற்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் நம் ஊரில் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். கிணற்று மோட்டார் ஓடும், சத்தம் வரும், தண்ணீர் ஏறாது. உள்ளே காற்று புகுந்துவிட்டது, தண்ணீர் ஊற்றி எடுக்க வேண்டும் என்போம். இதயமும் அப்படி அடிக்கும், ஆனால் ரத்தம் தள்ளப்படாது. துடிப்பு இருக்கும்போதே அழுத்தம் விழும்.

ரத்தம் வரவில்லை, நல்லது

ஒரு டிஸ்சார்ஜ் நாளை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட யாருடைய கதையும் அல்ல. எந்த ஊரிலும் நடக்கக்கூடிய வரிசை இது. எழுபது வயது ஆச்சி. சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி எட்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். விழுந்த பிரஷரைத் தூக்கும் மருந்தை ஏற்றுவதற்காகக் கழுத்தில் லைன், அதாவது கழுத்தின் பெரிய நரம்புக்குள் போகும் நீளக் குழாய், போட்டிருந்தார்கள். இப்போது தேறிவிட்டார். மகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார், கீழே கார் நிற்கிறது, பில் கட்டியாயிற்று. ஆச்சி புதுச்சேலை கட்டிக் கட்டிலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். “ஒரு நிமிஷம் ஆச்சி, இத மட்டும் எடுத்துர்றேன், அப்பறம் கெளம்பலாம்.” தையல் வெட்டப்படுகிறது, லைன் சுலபமாக வெளியே வருகிறது. துளையில் ரத்தம் வரவே இல்லை. நல்லது என்று நினைத்துக் காய்ந்த பஞ்சுத்துணியை வைத்து இரண்டு பிளாஸ்டர் ஒட்டியாயிற்று. அப்பாடா என்று ஆச்சி ஆழமாக ஒரு மூச்சை இழுக்கிறார்.

இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். ரத்தம் வராதது ஏன் நல்லதல்ல?

கழுத்திலிருந்து ரத்தம் வெளியே வர வேண்டுமானால் அந்த இடத்தில் உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். படுத்திருக்கும்போது அப்படித்தான் இருக்கும். துளையில் ரத்தம் கசியும், அழுத்திப் பிடித்தால் நிற்கும். உட்கார்ந்தால் கழுத்து இதயத்துக்கு மேலே போய்விடும். எட்டு நாள் படுக்கையில் சரியாகச் சாப்பிடாமல் உடம்பில் நீர் வற்றிப்போன ஆச்சிக்குச் சிரை அழுத்தமே மிகக் குறைவு. அப்போது கழுத்து நரம்பின் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கிவிடும். மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் இறங்கும். ரத்தம் வெளியே வராத அதே காரணத்தால் காற்று உள்ளே போகும். அந்தத் துளை உறிஞ்சுகிறது. 14 எண் ஊசியின் துளை வழியாக, வெறும் 5 சென்டிமீட்டர் தண்ணீர் உயர அழுத்த வேறுபாட்டில், நொடிக்கு 100 மில்லி காற்று போக முடியும் என்பது மருத்துவ நூல்களில் நெடுங்காலமாக இருக்கும் கணக்கு. மேலே சொன்ன உயிர்பறிக்கும் அளவுக்கு இரண்டு, மூன்று மூச்சு போதும். டயாலிசிஸுக்குக் கழுத்தில் போடும் குழாய் இதைவிடத் தடிமன். குழாய்த் தடிமனைச் சொல்லும் அளவில் 12 பிரெஞ்ச் என்றால் வெளிவிட்டம் 4 மில்லிமீட்டர்.

குழாயை எடுத்ததும் தோல் தானே மூடிக்கொள்ளும் என்றுதான் தோன்றும். லைன் இரண்டு நாள் இருந்தால் ஓரளவு அப்படித்தான். எட்டு நாள், பத்து நாள் இருந்தால் குழாயைச் சுற்றிச் சதை ஒரு சுரங்கம் மாதிரி சுவர் கட்டிவிடும். குழாயை உருவிய பிறகும் சுரங்கம் திறந்தே நிற்கும். மெலிந்துபோன கிழவர் கிழவியின் கழுத்தில் அதை அடைக்கக் கொழுப்பும் இல்லை. காய்ந்த பஞ்சுத்துணி ரத்தத்தை உறிஞ்சும், காற்றைத் தடுக்காது. தூசி தட்டும் துணியை வாயில் வைத்து மூச்சு இழுத்துப் பாருங்கள், வருகிறதா இல்லையா?

உட்கார வைத்து எடுக்கும் பழக்கம் சோம்பேறித்தனத்தால் வந்தது என்று நினைக்கவில்லை. கழுத்தில் கை வைக்கும் எல்லாருக்கும் முதல் பயம் ரத்தப்போக்கு. தலையை உயர்த்தினால் ரத்தம் குறையும் என்பது சரியான அறிவு. கழுத்து லைனில் அந்தச் சரியான அறிவே ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. ரத்தம் கண்ணுக்குத் தெரியும், சேலையில் பட்டால் சொந்தக்காரர்கள் சத்தம் போடுவார்கள். காற்று போவது யாருக்கும் தெரியாது. சில சமயம் உஸ் என்று ஒரு சின்ன ஓசை கேட்கலாம். போட்டபோது தலையைத் தாழ்த்தி, மூன்று பேர் நின்று, கையுறை போட்டு அத்தனை ஒழுங்காகப் போட்ட லைனை, எடுக்கும்போது ஒரே ஆள் ஒரு நிமிடத்தில் உருவிவிடுகிறார். போடுவது பெரிய வேலை, எடுப்பது சின்ன வேலை என்ற இந்த நினைப்பு மாற வேண்டும் என்பதுதான் இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருப்பது.

எடுக்கும் முறை இதுதான். ரத்தம் உறையும் தன்மை, தட்டணுக்கள் இவற்றின் ரிப்போர்ட்டை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடும் மருந்துகளை நிறுத்தி, லைனின் எல்லாக் கிளைகளிலும் குழாயை நெரித்து மூடும் கிளாம்ப் போட வேண்டும். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தை 15 டிகிரியாவது தாழ்த்த வேண்டும். மூச்சுத்திணறலால் அது முடியாதவரைச் சமமாகப் படுக்க வைத்தால் போதும். சமமாகக்கூடப் படுக்க முடியாதவர் என்றால் அன்றைக்கு எடுக்கத்தான் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். பிறகு மூச்சுப் பயிற்சி: மூச்சை இழுத்து அடக்கி, மலம் கழிக்கும்போது முக்குவது மாதிரி முக்கச் சொல்ல வேண்டும். லைனில் கை வைக்கும் முன்னால் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பயத்தில் பலர் முக்குவதற்குப் பதிலாக வெடுக்கென்று மூச்சை இழுப்பார்கள். முக்கும் நேரத்தில் லைனை உருவ வேண்டும். சொன்னதைச் செய்ய முடியாதவராக இருந்தால் மூச்சை வெளியே விடும் நேரத்தில். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இது தலைகீழ்: இயந்திரம் காற்றை உள்ளே தள்ளும் நேரத்தில்தான் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுதல், அப்போது எடுக்க வேண்டும். குழாய் முனை தோலை விட்டு வெளிவரும் அதே கணத்தில் விரல் துளைமேல் இருக்க வேண்டும். 5 நிமிடத்துக்குக் குறையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் நின்றதா என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. அதன் பிறகு வாஸ்லின் தடவிய சுத்தமான கட்டுத்துணி, அதன் மேல் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம். எடுத்த குழாயின் முனை முழுசாக இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். அரைமணி நேரம் படுத்தே இருக்க வேண்டும். அந்தக் கட்டு 24 மணி நேரமாவது, பல நாள் இருந்த லைன் என்றால் இரண்டு நாள், அப்படியே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிவாசம் போக வேண்டும் என்று வீட்டுக்கு வந்ததும் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைக் கட்டுப் பிரிக்கும் நாள் வரை தள்ளிப்போட்டால் போதும்.

முதல் பத்து நிமிடம்

ஆச்சியிடம் திரும்புவோம். முதலில் ஒரு இருமல். “நெஞ்ச என்னமோ பண்ணுதுப்பா.” பிறகு கண் மேலே செருகுகிறது, பேச்சு குழறுகிறது, இடது கை தூக்க வரவில்லை. வலிப்பும் வரலாம், திடீரென்று கண் தெரியாமல் போகலாம், வெறும் குழப்பமாக மட்டும் இருக்கலாம். சுற்றி நிற்பவர்கள் நல்ல மனதோடு செய்வதெல்லாம் இந்த நேரத்தில் கெடுதலாக முடியும். தூக்கி உட்கார வைத்து முதுகைத் தடவுவார்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். சுகர் குறைந்திருக்கும் என்று வாயில் சர்க்கரை போடுவார்கள். நேராக உட்கார்ந்த ஒவ்வொரு நொடியும் மேலும் காற்றை மேலே அனுப்புகிறது. விழுங்கத் தெரியாத நேரத்தில் வாயில் போட்டது மூச்சுக்குழாய்க்குள் போகிறது. சுகரை விரல்நுனி ஊசியில் பார்ப்பது சரி, அரைநிமிட வேலை. ஊட்டுவது சரியல்ல.

முதலில் உள்ளங்கையால் துளையை அடைக்க வேண்டும். லைன் இன்னும் உள்ளே இருந்தால் கிளாம்ப் போட வேண்டும். அதே மூச்சில் சமமாகப் படுக்க வைக்க வேண்டும். இங்கே ஒரு பழைய பாடம் குழப்பும். இடப்பக்கம் ஒருக்களித்து, தலையைத் தாழ்த்திப் படுக்க வைப்பது 1947-இல் டூரண்ட் என்ற மருத்துவர் சொன்ன முறை. இதயத்துக்குள் காற்று அடைத்து அழுத்தம் விழும்போது, அந்தக் காற்று நுரையீரலுக்குப் போகும் வாசலை விட்டு விலகி நிற்பதற்காக. அழுத்தம் விழுந்து மூச்சுத் திணறினால் அது இன்றும் உதவும். ஆனால் கை கால் விழுந்தது, வலிப்பு, மயக்கம் என்று மூளையின் அடையாளங்கள் தெரிந்தால் தலையைத் தாழ்த்தக் கூடாது. வீங்கத் தொடங்கும் மூளைக்கு அது இன்னும் சுமை. சமமாகப் படுக்க வைப்பதே சரி.

அடுத்தது ஆக்சிஜன். எந்த ஆஸ்பத்திரியிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இது. பெரும்பாலும் அரைகுறையாகக் கொடுக்கப்படுவதும் இதுதான். மூக்கில் வைக்கும் சின்னக் குழாய் போதாது. பை தொங்கும் மாஸ்க், 15 லிட்டர் வேகம், மூச்சு இழுக்கும்போதும் பை சுருங்காமல் இருக்க வேண்டும். விரலில் மாட்டிய கருவி 98, 99 என்று காட்டும். உடனே ஒருவர் வந்து, சாச்சுரேஷன் நன்றாக இருக்கிறதே என்று வேகத்தைக் குறைப்பார். அது தவறு. இங்கே ஆக்சிஜன் கொடுப்பது ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததற்காக மட்டுமல்ல. உள்ளே போன குமிழியில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ரத்தத்தில் நைட்ரஜனே இல்லாத நிலையை உண்டாக்கினால்தான் குமிழிக்குள் இருக்கும் நைட்ரஜன் வெளியே கரைந்து வந்து, குமிழி சுருங்கும். விரலில் காட்டும் எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேல்சிகிச்சை டாக்டர் சொல்லும் வரை வேகத்தைக் குறைக்கக் கூடாது.

டிரிப்பில் நார்மல் சலைன் போகட்டும், குளுக்கோஸ் வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அடிபட்ட மூளை இன்னும் கெடும். அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வலிப்பு வந்தால் உடனே அடக்க வேண்டும். அறுவை அரங்கில் நடந்திருந்தால் மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடை நிறுத்த வேண்டும். அந்த வாயு குமிழிக்குள் புகுந்து அதை ஊதிப் பெரிதாக்கும்.

பிறகு சி.டி. ஸ்கேன். மூளைக்குள் கறுப்புப் புள்ளிகளாகக் காற்று தெரிந்தால் சந்தேகமே இல்லை. தெரியாவிட்டால்? காற்று சீக்கிரம் கரைந்துவிடும், சின்னக் குமிழிகள் மூளைக்கான வழக்கமான திரை அமைப்பில் கண்ணுக்குத் தப்பும். நுரையீரல் பார்க்கும் அமைப்பிலும் ஒரு தடவை திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஸ்கேன் நார்மல் என்பதால் காற்று இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. எல்லாவற்றையும்விட, இதைச் சாதாரணப் பக்கவாதம் என்று நினைத்துக் கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டுவிடக் கூடாது. அடைத்திருப்பது ரத்தக் கட்டியல்ல, அந்த ஊசி காற்றைக் கரைக்காது. சற்றுமுன் லைன் எடுத்த கழுத்தில் அடங்காத ரத்தப்போக்கைத்தான் உண்டாக்கும். அதனால் பரிந்துரைக் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்க வேண்டியது ஆச்சியின் சர்க்கரை வரலாறு அல்ல. “காலை 11.10-க்கு உட்கார்ந்த நிலையில் கழுத்து லைன் எடுக்கப்பட்டது; 11.12-க்கு இடப்பக்கம் செயலிழப்பு. காற்று அடைப்பு என்று சந்தேகம்.” இந்த ஒரு வரியை எழுத மனம் துணிய வேண்டும். தன் கையால் நடந்ததை எழுதுவது யாருக்கும் சுலபமில்லை. எழுதாவிட்டால் மதுரையில் இருக்கும் டாக்டர் புதிதாகத் துப்புத்துலக்க வேண்டியிருக்கும். அதற்குள் மணிக்கணக்கு ஓடிவிடும்.

இன்னொன்று. அரைமணியில் ஆச்சி கண் திறந்து, கையைத் தூக்கி, மகனை அடையாளம் கண்டு பேசிவிடலாம். எல்லாரும் பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட நினைப்பார்கள். கிளம்பக் கூடாது. குமிழி நகர்ந்துபோனாலும், போன வழியில் ரத்தக் குழாயின் உட்சுவரை உரசிப் புண்ணாக்கியிருக்கும். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் அங்கே வந்து ஒட்டும், நீர் கசியும், மூளை வீங்கும். முடியளவே தடிமனான நுண்தமனிகளில் இது நடக்கிறது. தேறியவர் சில மணி நேரத்தில் மறுபடியும் விழுவது இந்த நோயின் அறிந்த குணம். ஒரு நாளாவது தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வையில் இருக்க வேண்டும்.

பாம்பின் கண்ணில் ஒரு குமிழி

1662-இல் அழுத்தம் கூடினால் வாயுவின் பருமன் குறையும் என்ற விதியைச் சொன்ன ராபர்ட் பாயில், 1670-இல் இன்னொன்றைப் பதிவுசெய்தார். காற்றை வெளியேற்றிய பாத்திரத்துக்குள் வைத்த விரியன் பாம்பின் கண்ணில் ஒரு குமிழி அசைவதைப் பார்த்தார். உயிருள்ள உடம்புக்குள் குமிழி தோன்றுவதைக் கண்ட முதல் பதிவு அது. அதே மனிதரின் விதிதான் இன்று சிகிச்சையும். ஹைப்பர்பேரிக் அறை என்னும் மூடிய அறைக்குள் நோயாளியை வைத்து, அழுத்தத்தைச் சாதாரணக் காற்றைப்போல் 2.8 மடங்குக்கு ஏற்றி, தூய ஆக்சிஜன் கொடுப்பார்கள். குமிழியின் பருமன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். உருண்டைக் குமிழியாக இருந்தால் விட்டம் பத்தில் ஏழு பங்குக்குத்தான் குறையும், கேட்க ஏமாற்றமாகத் தோன்றும். ஆனால் குழாய்க்குள் மாட்டிய குமிழி உருண்டையாக இருக்காது, புடலங்காய் மாதிரி நீண்டு கிடக்கும். நீளம் சுருங்கச் சுருங்க ரத்தத்துக்குள் நகர வழி கிடைக்கும். கூடவே, அந்த அழுத்தத்தில் கிடைக்கும் ஆக்சிஜன் நைட்ரஜனை இன்னும் வேகமாக வெளியே இழுக்கும், வீக்கத்தையும் குறைக்கும். அமெரிக்கக் கடற்படை முக்குளிப்பவர்களுக்காக வகுத்த 6-ஆம் அட்டவணைதான் பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது: 4 மணி 45 நிமிடம், நடுநடுவே சாதாரணக் காற்றுக்கு இடைவெளி. 6 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். தாமதமாகப் போனவர்களும் தேறியிருக்கிறார்கள் என்பதால், நேரம் தாண்டிவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது.

காரைக்குடியிலிருந்து இது ஒரு பயணக் கணக்கு. மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. சென்னை என்றால் 400 கிலோமீட்டருக்கு மேல். கிளம்பும் முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: அறை இன்று ஓடுகிறதா, இயக்கும் ஆள் இப்போது இருக்கிறாரா, வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை ஏற்குமா? ஆறாத புண்ணுக்குச் சிகிச்சை தரும் ஒற்றையாள் அறைகள் பல, மயக்கத்தில் இருக்கும் நோயாளியைத் தாங்காது. அடுத்தது சிலிண்டர். பி வகைச் சிலிண்டர் நிரம்பியிருந்தால் 1,500 லிட்டர். 15 லிட்டர் வேகத்தில் 100 நிமிடம். மதுரை வாசலில் நின்றுவிடும். ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தால் அதுவும் இல்லை. இரண்டு பி அல்லது 7,000 லிட்டர் கொள்ளும் ஒரு டி வகை வேண்டும், கிளம்பும் முன் முள்ளைப் பார்க்க வேண்டும். மூச்சுக்குழாய் போட்டிருந்தால் அதன் பலூனில் காற்றுக்குப் பதில் சலைன் நிரப்ப வேண்டும் என்பதை அறைக்குப் போகும் முன் நினைவூட்ட வேண்டும். காற்று என்றால் அழுத்தத்தில் அதுவும் சுருங்கிக் கசியும். நெஞ்சில் காற்றுக் கசிவு இருந்தால் அதற்கு முதலில் குழாய் போட்டாக வேண்டும்.

கழுத்தில் குழாயோடு வீட்டில்

ஆஸ்பத்திரிக்குள் நடப்பது ஒரு பக்கம். வாரம் இரண்டு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போய்வருபவர்கள் நம் ஊர்களில் கழுத்திலோ நெஞ்சிலோ பெர்மகேத்தோடு, அதாவது டயாலிசிஸுக்காக நீண்டநாள் விட்டுவைக்கும் குழாயோடு, வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில், பெரிய வீட்டில் அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும். டயாலிசிஸ் இயந்திரத்தில் காற்றைக் கண்டுபிடிக்கும் கருவி உண்டு, குமிழி வந்தால் கிளாம்ப் தானே விழும். வீட்டில் அந்தக் கருவியின் வேலையை வீட்டாள்தான் செய்ய வேண்டும்.

சிவப்பு, நீலம் என்று இரண்டு முனை. இரண்டிலும் கிளாம்ப் எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும், அதன் மேல் மூடி இறுகியிருக்க வேண்டும். மூடி மட்டும் போதும் என்று கிளாம்பைத் திறந்து விடக் கூடாது; தூக்கத்தில் புரளும்போது மூடி கழன்றால் காப்பது கிளாம்ப்தான். காலையிலும் படுக்கும் முன்னும் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். சேலைப் பின், சங்கிலி, பூணூல், ருத்திராட்சம் எதுவும் அதில் மாட்டக் கூடாது. வீட்டுக்கு வந்து சவரம் செய்பவரிடம் முதலிலேயே குழாயைக் காட்டிவிட வேண்டும்; கட்டுப் பிரிக்கக் கத்தரிக்கோலை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. குழாய் வெட்டுப்பட்டுவிட்டால், வெட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் குழாயை மடக்கி இறுகப் பிடித்து, அப்படியே படுத்துவிட வேண்டும். குழாய் மொத்தமாக உருவி வந்துவிட்டால் சுத்தமான துணியைப் பல மடிப்பாக மடித்துத் துளைமேல் அழுத்தி, படுத்தபடி 108-ஐ அழைக்க வேண்டும். எழுந்து திண்ணைக்குப் போய்ப் பக்கத்து வீட்டைக் கூப்பிடுவது, வண்டி வரும்வரை நாற்காலியில் சாய்ந்து உட்காருவது இரண்டும் கூடாது. ஸ்ட்ரெச்சரிலும் படுத்தபடியேதான் ஏற வேண்டும். ஆம்புலன்ஸில் வருபவர் உட்கார வைக்கப் பார்த்தால் காரணத்தைச் சொல்லித் தடுக்க வேண்டும்.

டயாலிசிஸ் சென்டரில் கேட்டால் கூடுதலாக ஒரு பிளாஸ்டிக் கிளாம்ப் கொடுப்பார்கள். அதை மேசை அறைக்குள்ளோ இரண்டாம் கட்டு அலமாரியிலோ வைக்காமல், கட்டில் காலில் ஒரு நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். படுத்தபடியே கை நீட்டினால் எட்டுகிறதா என்று ஒரு தடவை அவரையே நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.